ஆனந்தத்தின் கதவும் கொழுத்த சுண்டெலியும்

1

'எலிகளிடம் நடத்திய சோதனையில் வெற்றி' என்கிற வாக்கியம் நமக்குப் பழகிப்போன ஒன்று. சர்க்கரைக்கோ தொப்பைக்கோ ஈரல் கொழுப்புக்கோ புதிய மருந்து வரப்போகிறது என்று நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு செய்தி வரும். அதன் நான்காவது ஐந்தாவது வரியில் இந்த வாக்கியம் கிடக்கும். தலைப்பில் எலி இருக்காது, மனிதன்தான் இருப்பான். வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் (இல்லாத வீடு எது?) அந்தத் துண்டை வெட்டி வைத்துக்கொள்வார்கள். நாலு நாளில் மறந்தும் போவார்கள்.

இந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நான் படித்தது தமிழ் எம்.ஏ. ஆய்வுக்கூடத்துக்குள் எனக்கு வேலை கிடையாது. ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சொல்வது எப்படி நடக்கிறது, அப்படிச் சொல்லும்போது எது கூட வருகிறது, எது விடுபட்டுப் போகிறது என்று பார்ப்பது இலக்கணம் படித்தவர்களின் வேலை. எலியைக் காட்டி மனிதனைச் சொல்வதும் அந்த எல்லைக்குள் வருகிற சமாச்சாரம்தான்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. எனவே ஒரு மருந்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் ரிமோனபன்ட். பிரான்சின் சனோஃபி கம்பெனி உருவாக்கியது. கொழுப்பு உணவால் பருத்த சுண்டெலிகளிடம் பிரமாதமாக வேலை செய்தது. 2006 ஜூனில் ஐரோப்பாவில் 'அகாம்ப்ளியா' என்ற பெயரில் அனுமதி பெற்றது. இரண்டே வருஷத்தில், 2008 அக்டோபரில், ஐரோப்பிய மருந்து முகமை அதன் விற்பனையை நிறுத்திவைக்கச் சொன்னது. இந்த இரண்டு வருஷத்துக்கு நடுவே நடந்தது என்ன என்பதைவிட, அதற்கு முன்பு எலிக்கூண்டில் கேட்கப்பட்ட கேள்விகள் எவை, கேட்கப்படாதவை எவை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2

முதலில் எலி. 'சுண்டெலி' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டால் நம் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஓடுகிற ஜீவன் ஞாபகத்துக்கு வரும. ஆய்வுக்கூடச் சுண்டெலி அது கிடையாது. அதற்கு ஒரு வம்சாவளி உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கிரான்பி என்ற ஊரில், அப்பி லாத்ரோப் என்ற பெண்மணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்கார எலிகளை வளர்த்து விற்றார். அவரிடமிருந்து வந்த எலிகளைக் கொண்டு கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற மரபியலாளர் 1921ல் ஒரு வம்சத்தை உருவாக்கினார். 57ஆம் எண் பெண் எலியின் வாரிசுகள் என்பதால் சி57 கருப்பு என்று பெயர். அண்ணனையும் தங்கையையும் தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்து, ஒன்றுக்கொன்று மரபணுவில் வித்தியாசமே இல்லாத எலிகளை ஆக்கி எடுத்தார்கள். லிட்டில் 1929ல் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய ஜாக்சன் ஆய்வுக்கூடம் இன்றுவரை அந்த எலிகளை உலகம் முழுக்க விற்கிறது. (இதே லிட்டில் 1954ல் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து அமைத்த ஆராய்ச்சிக் குழுவின் அறிவியல் இயக்குநராகப் போனார் என்பது ஒரு தனிக்கதை.)

1988ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சர்விட் என்பவரின் குழு, இந்தக் கருப்பு எலிக்குக் கொழுப்பு மிகுந்த தீனியைக் கொடுத்தால் அது பருத்து, இரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் ஏறி, மனிதனின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்ற நிலைக்கு வருகிறது என்று காட்டியது. எல்லா எலியும் அப்படி வராது. வேறு சில வம்சத்து எலிகள் அதே தீனியைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். இந்த வம்சத்திலும் ஆண் எலி பருக்கிற மாதிரி பெண் எலி பருக்காது. அதனால் இத்துறையின் சோதனைகளில் பெரும்பாலும் ஆண் எலிகளே. போதாக்குறைக்கு, ஜாக்சன் ஆய்வுக்கூடத்துக் கருப்பு எலியின் ஒரு மரபணு பாதி அறுந்து கிடக்கிறது என்றும், இன்சுலின் சுரப்பில் அதற்கு ஏற்கெனவே ஒரு குறை உண்டு என்றும் 2005 வாக்கில் தெரியவந்தது. ஆக, 'உணவால் தூண்டப்பட்ட நோய்' என்று சொல்லும்போது, எந்த உடல் அந்த உணவுக்கு நோயால் பதில் சொல்லுமோ அந்த உடலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தீனி. இன்று அதிகமாகப் பயன்படும் தீனி வில்லையில் ஆற்றலின் 60 சதவீதம் கொழுப்பிலிருந்து வருகிறது. பெரும்பகுதி பன்றிக் கொழுப்பு. ஒப்பீட்டுக்கு வைக்கிற எலிகளின் தீனியில் அது 10 சதவீதம். கூண்டுக்குள் வேறு எதுவும் கிடையாது. தேர்வு கிடையாது, விலை கிடையாது, ரேஷன் கிடையாது, இரவு ஷிப்ட் முடிந்து வந்து தின்பது கிடையாது, பரிமாறுகிறவர் கடைசியில் மிச்சத்தைத் தின்பது கிடையாது. நாம் 'உணவு' என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் இருக்கிற சாதி, வர்க்கம், அடுப்படி எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு வில்லை. அறையின் வெப்பம்கூடக் கணக்கில் வரும். மனிதர்களுக்குச் சௌகரியமான 20, 22 டிகிரியில் கூண்டுகளை வைக்கிறார்கள். சுண்டெலிக்குச் சௌகரியமானது 30 டிகிரி பக்கம். அதாவது அந்த எலி எந்நேரமும் கொஞ்சம் குளிரில், உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவே ஆற்றலைச் செலவழித்துக்கொண்டு இருக்கிறது.

3

சரி, மருந்துச் சோதனை எப்படி நடக்கிறது? ஆறேழு வாரக் குட்டிகளாக வாங்கி, சில மாதங்கள் கொழுப்புத் தீனி போட்டுப் பருக்க வைப்பார்கள். முப்பது கிராம் அளவில் இருக்க வேண்டியது நாற்பதைத் தாண்டும். பிறகு குழு பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு மருந்து கலக்காத வெறும் திரவம். வாய்வழியாகக் குழாய் விட்டு தினமும் ஊற்றுவார்கள். எடை, தின்ற தீனி, இரத்தச் சர்க்கரை, இன்சுலின், கொழுப்பு எல்லாம் குறிக்கப்படும். எலியைப் பட்டினி போட்டு, குளுக்கோஸ் செலுத்தி, வால் நுனியிலிருந்து கால் மணி, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று சொட்டுச் சொட்டாக இரத்தம் எடுத்துச் சர்க்கரை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று வரைபடம் போடுவார்கள். நல்ல ஆய்வாக இருந்தால் மூன்றாவதாக ஒரு குழுவும் இருக்கும். மருந்து வாங்கிய எலி எவ்வளவு குறைவாகத் தின்றதோ அதே அளவு தீனியை மட்டும் மருந்தில்லாமல் இந்தக் குழுவுக்குக் கொடுப்பார்கள். பலன் பட்டினியால் வந்ததா மருந்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க இது உதவும். இந்த எச்சரிக்கை உணர்வை நான் மதிக்கிறேன். நம் விமர்சனத்தில் இந்த அளவு ஜாக்கிரதை இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

கடைசியில் எலி கொல்லப்படும். கொழுப்பு மடிப்புகளை அறுத்து எடை போட வேண்டும் அல்லவா? ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு 'பலியிடப்பட்டன' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே வெகுகாலம் எழுதிவந்தார்கள். செயப்பாட்டு வினை, பலியிட்டவர் யார் என்று எழுவாய் வராது. 1988ல் மைக்கேல் லிஞ்ச் என்ற சமூகவியலாளர் இந்தச் சொல்லை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். துள்ளி ஓடுகிற இயற்கை விலங்கு, எண்களும் வரைபடங்களுமான ஆய்வு விலங்காக மாறுகிற சடங்கு இது என்பது அவர் வாதம்.

ரிமோனபன்டுக்கு வருவோம். 2003ல் வெளியான ஆய்வில், கொழுப்புத் தீனியால் பருத்த கருப்பு எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஐந்து வாரம் இந்த மருந்தைக் கொடுத்தார்கள். முதல் வாரத்தில் தீனி 48 சதவீதம் குறைந்தது. பின்பு எலிகள் பழையபடி தின்னத் தொடங்கின. ஆனாலும் எடை 20 சதவீதமும் உடல் கொழுப்பு 50 சதவீதமும் குறைந்து நின்றன. இன்சுலினுக்கு உடல் கீழ்ப்படியாத நிலை சரியானது. மருந்து எந்த ஏற்பியில் வேலை செய்வதாகக் கருதினார்களோ அந்த ஏற்பியே இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட எலிகளிடம் மருந்து வேலை செய்யவில்லை. எவ்வளவு சுத்தமான நிரூபணம் பாருங்கள்! கேட்ட கேள்விக்கெல்லாம் எலி சரியான பதிலைச் சொல்லியிருக்கிறது.

4

அந்த ஏற்பி எது என்பதில்தான் கதை இருக்கிறது. கஞ்சா அடித்தவனுக்குப் பசி எடுக்கும் என்பது நம் ஊரில் சாமியார்களுக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் தெரிந்த உண்மை. மூளையில் கஞ்சாவின் வேதிப்பொருள் போய் உட்காருகிற ஏற்பி 1990ல் அடையாளம் காணப்பட்டது. கஞ்சாவுக்காக மூளை ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்காது. உடம்பே தயாரிக்கிற ஏதோ ஒன்றுக்கான நாற்காலிதான் அது என்று தேடினார்கள். 1992ல் ஜெருசலேமில் ரபேல் மெஷூலம் குழுவினர் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அக்குழுவின் வில்லியம் டிவேன் அதற்கு வைத்த பெயர் 'ஆனந்தமைடு'. நம் 'ஆனந்தம்'தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது.

இரண்டே ஆண்டு கழித்து, 1994ல், சனோஃபி ஆய்வாளர்கள் அந்த நாற்காலியில் ஆனந்தமைடு உட்கார முடியாமல் அடைக்கிற மூலக்கூறை அறிவித்தார்கள். அதுவே பிற்பாடு ரிமோனபன்ட் ஆயிற்று. தர்க்கம் எளிமையானது. ஏற்பி திறந்தால் பசி வருகிறது, எனவே அடைத்தால் பசி போகும். பசியோடு சேர்த்து அந்தக் கதவு வழியாக வேறு என்னென்ன வந்துபோகிறது என்பதைப் பொருளின் பெயரே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனந்தத்தின் கதவு என்று பெயர் எழுதி வைத்திருக்கிற கதவைச் சாத்துகிறோம் என்று யாருக்கும் உறைக்கவில்லையா? உறைத்திருக்கிறது என்பதுதான் உண்மை. அந்த ஏற்பி இல்லாத எலிகள் அதிகம் பதற்றப்படுகின்றன, தொடர்ந்த தொல்லைக்கு உள்ளாகும்போது சீக்கிரம் துவண்டுபோகின்றன என்று 2002லேயே ஆய்வுகள் வந்திருந்தன. ஆனால் அவை வேறு துறை, வேறு பத்திரிகை, வேறு கூண்டு.

மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில், தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட வருஷத்துக்கு நாலைந்து கிலோ கூடுதலாக இளைத்தார்கள். இச்சோதனைகளில் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. அப்படி வடிகட்டிய பிறகும், நான்கு சோதனைகளின் 4,105 பேரைச் சேர்த்துப் பார்த்து 2007ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, மனச்சோர்வால் மருந்தை நிறுத்தியவர்கள் ரிமோனபன்ட் தரப்பில் இரண்டரை மடங்கு என்றது. 2007 ஜூனில் அமெரிக்க ஆலோசனைக் குழு பதினான்குக்குப் பூஜ்யம் என்ற வாக்கில் அனுமதி வேண்டாம் என்றது. ஐரோப்பாவில் விற்பனை தொடர்ந்தது. இதயநோய் தடுப்புக்காக 18,695 பேரிடம் நடந்துகொண்டிருந்த சோதனை 2008 நவம்பரில் பாதியில் கைவிடப்பட்டது. அதில் மருந்து எடுத்தவர்களில் நான்கு பேரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள் என்று 2010ல் அச்சேறிய அறிக்கை சொல்கிறது. அதே ஏற்பியை அடைக்கும் தங்கள் மருந்துகளை மெர்க், ஃபைசர் கம்பெனிகளும் 2008லேயே கைவிட்டன.

5

எலிகளிடம் மனச்சோர்வைச் சோதிக்கவே இல்லையா என்று கேட்கலாம். சோதித்தார்கள். அதுதான் இன்னும் சங்கடமான விஷயம். 1977ல் ரோஜர் போர்சால்ட் குழு பிரபலப்படுத்திய நீச்சல் சோதனை ஒன்று உண்டு. ஏறி வர முடியாத கண்ணாடி உருளையில் தண்ணீர் ஊற்றி எலியைப் போடுவார்கள். முதலில் தத்தளிக்கும், பிறகு அசையாமல் மிதக்கும். மிதக்கிற நேரம் அதிகமானால் 'நம்பிக்கை இழப்பு', குறைந்தால் மருந்துக்கு மனச்சோர்வைப் போக்கும் குணம் உண்டு என்று வாசிப்பார்கள். 2003லும் 2005லும் வந்த ஆய்வுகளில், ரிமோனபன்ட் பெற்ற விலங்குகள் அசையாமல் மிதந்த நேரம் குறைந்தது. 2005ஆம் ஆண்டு ஆய்வு சனோஃபி ஆய்வாளர்களுடையது. அதாவது எலி மொழியில் இந்த மருந்து மனச்சோர்வை நீக்குகிற மருந்து! மனிதரிடமோ நேர் எதிராக நடந்தது.

எலி பொய் சொன்னதா? தப்பிக்க வழியில்லாத தண்ணீரில் ஒரு ஜீவன் அசையாமல் மிதப்பது விரக்தியாலா, சக்தியை மிச்சம் பிடிக்கிற புத்திசாலித்தனத்தாலா? அது எழுதாத பிரதிக்கு நாம் பொருள் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே தொல்காப்பியம் எனக்கு உதவுகிறது. ஆய்வாளர்கள் இந்த எலியை ஆங்கிலத்தில் அழைக்கிற சொல்லுக்குத் தமிழில் 'மாதிரி' என்கிறோம். நம் பேச்சில் 'மாதிரி' என்பது உவம உருபும்கூட. 'அவன் மாதிரி', 'எலி மாதிரி'. மொழி தற்செயலாகச் சரியாகச் சொல்லிவிட்டது. மாதிரி எலி என்பது ஓர் உவமை. உவமவியல் உவமைக்கு நான்கு வகைகளைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் பாய்ச்சல் என்கிற வினையில்தான் ஒப்புமை. அவனுக்கு வால் உண்டா என்று தேடக்கூடாது. அதே போல, கொழுத்த சுண்டெலி மனிதனுக்கு ஒப்பாவது வினையில்: இன்சுலின் வேலை செய்கிற விதம், ஏற்பி அடைபடுகிற விதம். அந்த வகையில் அது நல்ல உவமை, பயனுள்ள உவமை. ஆய்வுக்கூடத்துக்குள் இருக்கிறவர்களுக்கு இது தெரியும், அவர்களுடைய கட்டுரைகளில் 'மாதிரி' என்ற சொல் விடாமல் வந்துகொண்டிருக்கும்.

செய்தியும் விளம்பரமும் பங்குச் சந்தையும் அந்த உவமையைக் கையில் வாங்கும்போது உருபு தொக்கிவிடுகிறது. உவமைத்தொகை ஆகிறது. இன்னும் கொஞ்சம் போனால் உருவகம், எலியே மனிதன். எந்த வகையில் ஒப்புமை என்கிற கேள்வி அந்தத் தொகைக்குள் புதைந்து போகிறது. தராசில் ஏறக்கூடியது, சொட்டு இரத்தத்தில் அளக்கக்கூடியது மட்டும் ஒப்புமையாக எடுத்துக்கொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. விற்கப்போவது எடைக்குறைப்பு. வாங்கப்போகிறவரின் துக்கம் அந்த உவமைக்கு வெளியே நின்றது.

6

பிரெஞ்சுத் தத்துவவாதியும் மருத்துவருமான ஜார்ஜ் கங்கிலெம் 1943ல் இயல்பு, நோய் என்கிற இரண்டைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார். ஃபூக்கோவின் ஆசான்களில் ஒருவர் என்ற அளவில் இந்தப் பெயர் நம் வட்டத்தில் புழங்கியிருக்கிறது. அவர் வாதத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: சராசரியிலிருந்து விலகியது நோய் என்று எண்களை வைத்து முடிவு செய்ய முடியாது. மனிதர்கள் தங்களை நோயாளிகளாக உணர்வதால்தான் மருத்துவம் என்று ஒன்று இருக்கிறது. முறையீடு முதலில், அளவீடு பிற்பாடு.

'வளர்சிதை மாற்றக் கோளாறு' என்ற சொல்லாடலில் இந்த வரிசை தலைகீழாகிறது. சர்விட் எலியைப் பருக்க வைத்த அதே 1988ல் ஜெரால்ட் ரீவன், இன்சுலினுக்குக் கீழ்ப்படியாத உடலில் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் கூட்டாக ஏறுவதைச் சுட்டி அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். 2001ல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று இடுப்புச் சுற்றளவு உட்பட ஐந்து அளவுகளில் மூன்று தவறினால் அந்தக் கோளாறு என்று வரையறுத்தது. ஆண்களுக்கு இடுப்பு 102 சென்டிமீட்டர். 2005ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு தெற்காசிய ஆண்களுக்கு அதை 90 என்று இறக்கியது. நேற்றுவரை சும்மா இருந்தவன் இன்று நோயாளி. இது சதி என்று நான் சொல்லவில்லை; 90க்கு மேல் ஆபத்து கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் இங்கே எந்த முறையீடும் இல்லை, இஞ்ச் டேப் மட்டும் இருக்கிறது. முறையிடத் தெரியாத எலி இந்த நோய்க்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி வந்ததில் வியப்பில்லை. ரிமோனபன்ட் எடுத்தவர்கள் 'எனக்கு எதிலும் பிடிப்பில்லை' என்று வாய் திறந்தபோது, அது பக்கவிளைவுப் பட்டியலில் ஒரு வரியாகப் போய் உட்கார்ந்தது. நோயின் கதையை நோயாளி சொல்லத் தொடங்கிய இடம் அதுதான் என்று யார் வாசித்தார்கள்?

7

இதில் நமக்கு என்ன வந்தது? ரிமோனபன்டை இங்கேயும் சில கம்பெனிகள் வேறு வேறு பெயர்களில் விற்றன. ஐரோப்பா நிறுத்திவைத்து ஓராண்டுக்கு மேல் கழித்து, 2009 டிசம்பரில்தான் இந்திய அரசு அதைத் தடை செய்தது. அந்த இடைவெளியில் அதை விழுங்கியவர்களின் முறையீடு எந்தப் பட்டியலிலும் ஒரு வரியாகக்கூட ஏறியதாக நான் படித்ததில்லை.

இன்னொன்று, இந்த எலி யாருக்கு உவமை என்ற கேள்வி. 2004ல் 'லான்செட்' இதழில் புணே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கிற ஒரு புகைப்படம் வெளியானது. உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் ஒன்றுதான், 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. ஒல்லியாகத் தெரிகிற உடலுக்குள் மறைந்திருக்கிற கொழுப்பு, தாயின் வயிற்றிலேயே தொடங்கிய சத்துக்குறைவு, மூன்று வேளையும் மாவுச்சத்து என்பது நம் பக்கத்து நீரிழிவின் கதை. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு இந்நாட்டில் 10.1 கோடி நீரிழிவு நோயாளிகள் என்று கணக்கிட்டது. பன்றிக் கொழுப்பில் பருத்த ஆண் எலி, ரேஷன் அரிசியில் ஒல்லியாக இருந்தபடியே சர்க்கரை வந்த சித்தாள் அக்காவுக்கு எந்த வகையில் உவமை?

உடனே, 'பார்த்தீர்களா, அதனால்தான் நம்ம மருத்துவத்துக்குத் திரும்பணும்' என்று சில நண்பர்கள் கிளம்புவார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெந்தயம், நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான் எல்லாம் சர்க்கரையைக் குறைக்கும் என்று இன்று மேடையில் சொல்கிறவர்கள் 'ஆராய்ச்சியில் நிரூபணமாகியிருக்கு' என்றுதான் முடிக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி என்ன? பல நேரங்களில் கொழுப்புத் தீனி போட்ட எலி, அல்லது கணையத்தைப் பாழாக்கும் ஊசி போட்ட எலி, அதற்குக் குழாயில் ஊற்றிய செடிச்சாறு. மரபு என்று கொடி பிடிப்பதும் அதே கூண்டின் மேல் நின்றுதான். அங்கேயும் உருபு தொக்கியே நிற்கிறது.

மறுபக்கம், அறிவியலை மறுக்கிற பின்நவீனத்துவம் என்று சில தோழர்கள் சண்டைக்கு வரலாம். ரிமோனபன்டின் ஆபத்தை வெளியே கொண்டுவந்ததும் அறிவியல்தானே என்பார்கள். ஆமாம். 4,105 பேரைக் கூட்டிப் பார்த்ததும் எண்கள்தான். அந்தப் பாடம் வீணாகவும் இல்லை. எடைக்குறைப்பு ஊசிகளான டிர்செபடைட், செமாக்ளூடைட் இரண்டும் 2025ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவற்றின் வகை மருந்துகள் தற்கொலை எண்ணத்தைத் தூண்டுகின்றனவா என்ற கேள்வி 2023ல் எழுந்தபோது ஐரோப்பிய முகமை அதை எடுத்து ஆராய்ந்து, அப்படிக் காரணத் தொடர்பு தெரியவில்லை என்று 2024 ஏப்ரலில் சொன்னது. கேள்வி கேட்கப்பட்டது என்பதே 2008 கொடுத்த விலையால் வந்தது. சோதனையை எரித்துவிடச் சொல்லவில்லை நான். சோதனை எந்த வகை ஒப்புமையில் பேசுகிறது என்று அதன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்கிறேன்.

எனவே அடுத்த முறை அந்தச் செய்தித் துண்டு கையில் கிடைக்கும்போது, குறிப்பாக அதைத் தமிழில் எழுதுகிற, மொழிபெயர்க்கிற, மேடையில் எடுத்துப் பேசுகிற நாம், தொக்கி நிற்கிற உருபை விரித்து எழுதலாம். எந்த வம்சத்து எலி, ஆணா பெண்ணா, என்ன தீனி, எத்தனை வாரம், எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை. இவ்வளவையும் நாலு வரியில் எழுதிவிட முடியும். இதைக் கேட்க மருந்தியல் பட்டம் வேண்டியதில்லை. இளைத்த எலி கூண்டுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது அதன் எடையை எழுதிக்கொள்ள ஒருவர் இருக்கிறார். அதே மருந்தைத் தின்று இளைத்த மனுஷி அடுப்படி மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதை எழுதிக்கொள்ள யார் இருக்கிறார்கள்?